ஏரிக்கரையில் போட்ட சண்டை

சனிக்கிழமை மத்தியானம் ஈப்போவில், சிலிபினில் ஒரு வீட்டு வாசலில் நின்ற ஸ்கூல் வேனுக்குள் சாமான்கள் ஏறிக்கொண்டிருந்தன. இரண்டு கேஸ் அடுப்பு, ஐந்து கிலோ அரிசி, கல்யாணப் பந்தியையே சமாளிக்கிற அளவில் ஒரு குழம்புச் சட்டி, நாலு தலையணை, ஒரு மேசைக் காற்றாடி. இவர்கள் ஒரே ஒரு ராத்திரி ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கத்தான் போகிறார்கள் என்று சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்திருப்பார்கள். போகிற இடத்தில் கரண்டே கிடையாது என்று பதினைந்து வயது ஷர்மினி மூன்று தடவை சொன்ன பிறகுதான் காற்றாடி இறங்கியது. பள்ளிக்கூடத்துச் சாரணர் குழுவில் அவள் இரவல் வாங்கி வந்த கூடாரம் அரிசிக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது.

"அத்தை, நம்ப கேம்பிங் போறோமா, கேட்டரிங் போறோமா?"

"நீ மெகி மீயத் தின்னுட்டுப் படுத்துக்குவ. ஒங்கம்மாவுக்கு நான்தான லா சமைக்கணும்? பேசாம ஏறு."

இப்படிச் சொன்னவள் சரளா. ஷர்மினியின் அப்பா ரூபனுக்குக் கூடப் பிறந்த அக்கா. பக்கத்திலுள்ள புந்தோங்கில் பதினெட்டு வருஷமாக ஸ்கூல் வேன் ஓட்டுகிறாள். வயது நாற்பத்தொன்பது. ஏன் கல்யாணம் கட்டவில்லை என்று கேட்கிற தைரியசாலிகளிடம், "எனக்கு முப்பத்திரண்டு பிள்ளைங்க, காலையில வந்து வேனைத் தொறந்து பாரு" என்பாள். பின் சீட்டில் அடித்துக்கொள்ளும் பிள்ளைகளை முன் சீட்டிலிருந்தே அடக்கிப் பழகிய தொண்டை. பக்கத்தில் நிற்கிறவரிடம் அவள் கைக்குட்டை கேட்டாலும் தெருமுனையில் இருக்கிறவன் பையைத் தடவிப் பார்ப்பான்.

வேனின் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாகிவிட்டது. கடைசியாக வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து ஏறினாள் ரூபனின் மனைவி தினேஸ்வரி. நாலு வருஷத்தில் அவள் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வெளியே ஒரு ராத்திரி தங்கப் போவது இதுதான் முதல் தடவை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி சன்னலோரமாக உட்கார்ந்தாள்.

இரண்டு கிட்னியும் வேலையை நிறுத்திவிட்ட பிறகு மூன்று வருஷம் அவள் டயாலிசிஸில் இருந்தாள். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள், தாகத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர், அதில் கோப்பியும் அடக்கம், குழம்பும் அடக்கம். ஈப்போ வெயிலில் கிளினிக் கவுண்டரில் வேலை பார்த்துவிட்டு வந்து, ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டு அது கரைகிற வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். மழை பெய்தால் சன்னலைச் சாத்திவிடுவாள். அவ்வளவு தண்ணீர் வீணாகப் போவதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

அந்த மெஷினிலிருந்து அவளை அவிழ்த்துவிட்டது சரளாவின் கிட்னி. போன வருஷம் கோலாலம்பூரில் வைத்து மாற்றினார்கள். சரளாவின் இடுப்பில் இருந்தது இப்போது தினேஸ்வரியின் அடிவயிற்றில் வலப்பக்கம் இருக்கிறது, நன்றாக வேலையும் செய்கிறது.

இதிலே ஊரெல்லாம் வாயைப் பிளந்த விஷயம் ஒன்று உண்டு. அந்த இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. தினேஸ்வரி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பதினாறு வருஷம் சண்டை. மீன் குழம்புக்கு எவ்வளவு புளி என்பதில் சண்டை, பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது என்பதில் சண்டை, தீபாவளி முறுக்கு முறுகிவிட்டதா இல்லையா என்பதில் சண்டை. சரளா ஒன்று சொன்னால் தினேஸ்வரி இரண்டு சொல்லுவாள். இவர்கள் ஆரம்பித்தால் ரூபன் சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவோர ஒட்டுக்கடைக்குப் போய்விடுவான். அப்படிப்பட்ட சரளாதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, "எனக்கு ரெண்டு இருக்கு, ஒண்ணு எடுத்துக்கச் சொல்லு" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, வேனை எடுத்துக்கொண்டு போனாள்.

ரத்த சம்பந்தம் இல்லாதவர் கொடுப்பதென்றால் ஆஸ்பத்திரியில் ஒரு குழு உட்கார்ந்து விசாரிக்கும். யாராவது மிரட்டினார்களா, ஏன் தம்பி பெண்டாட்டிக்குக் கொடுக்கிறாய் என்று சரளாவைத் தனியாக ஓர் அறையில் வைத்துக் கேட்டார்கள். தினேஸ்வரி வெளியே பெஞ்சில் காத்திருந்தாள். உள்ளே என்ன சொன்னாள் என்று பிறகு கேட்டதற்கு, "காலையில என்ன பசியாறினேன்னு கேட்டாங்க, நாசி லெமாக்னு சொன்னேன்" என்று சரளா முடித்துவிட்டாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

அதோடு சண்டையும் நின்றுபோனது. எப்படிச் சண்டை போடுவது, சொல்லுங்கள்? தன் உடம்பை அறுத்துக் கொடுத்தவளிடம் முறுக்கு முறுகிவிட்டது என்று எந்த வாயால் சொல்லுவது? "உக்காருங்க அண்ணி", "நீங்க சொன்னா சரிதான் அண்ணி", "ரொம்ப நல்லாருக்கு அண்ணி" என்று இந்த மூன்றையும் வைத்தே தினேஸ்வரி ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டாள். உப்பு கிட்னிக்கு ஆகாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, சரளா ஞாயிறுதோறும் உப்பே போடாத மீன் குழம்பு வைத்துக் கொண்டுவந்தாள். டாக்டர் குறைக்கத்தான் சொல்லியிருந்தார். அந்தக் குழம்பை வாயில் வைக்க விளங்காது. தினேஸ்வரி ஒவ்வொரு ஞாயிறும் "ரொம்ப நல்லாருக்கு அண்ணி" என்று விழுங்கினாள். ரூபன் மட்டும் ஒரு நாள் தலையைச் சொறிந்துகொண்டு, "வீடு ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கு லா" என்றான்.

ஆனால் ஒன்றை மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை. நன்றி. நம் வீடுகளில் யார் யாருக்கு நன்றி சொல்கிறோம்? சாப்பாடு போட்டவளுக்குச் சொல்வதில்லை, பிள்ளையைத் தூக்கி வளர்த்தவளுக்குச் சொல்வதில்லை. திடீரென்று நாத்தனாரின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? குளியலறையில் கண்ணாடி முன்னால் பலமுறை சொல்லிப் பார்த்தாள். சரளா முன்னால் போய் நின்றதும் வாய் ஒட்டிக்கொண்டது. ஒரு வருஷம் நிறைகிற இந்த வாரம், ஏரிக்கரையில் வைத்து எப்படியும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்தப் பயணமே. ஷர்மினி கூடாரத்தில் தங்கக் கேட்டாள் என்றது சும்மா ஒரு சாக்கு.

தாசேக் செராய் என்கிற அந்த வனப்பூங்காவுக்கு சிம்பாங் பூலாய் தாண்டிப் போய், பெரிய சாலையை விட்டு இறங்கி, ஒரு பழைய தோட்டத்துக்குள் புகுந்து போக வேண்டும். ரப்பர் போய், எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்து ரொம்ப நாளாகிவிட்டது. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகள் ஒன்றுகூட இல்லை. முனியாண்டி மட்டும் முச்சந்தியில் அரிவாளோடு உட்கார்ந்திருக்கிறார். அந்த வழியாக வண்டி ஓட்டுகிற தமிழர் யாரும் அவரிடம் சொல்லாமல் போகமாட்டார்கள். சரளாவா போவாள்? வேனை ஓரங்கட்டினாள்.

மற்ற நாளில் ஈப்போவில் காவலாளி வேலை பார்க்கும் மாயாண்டி, வெள்ளி, சனியில் அங்கே பூசாரி. தட்டை நீட்டினார். தேங்காய், வாழைப்பழம், சுருட்டு, வேன் சாவி எல்லாவற்றையும் சரளா அதில் வைத்தாள். பிறகு தினேஸ்வரியின் கைப்பையைத் திறந்து மாத்திரை டப்பாவை எடுத்தாள்.

அந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது இல்லையென்றால், வந்திருக்கும் கிட்னி வேற்று ஆளுடையது என்று உடம்பு கண்டுபிடித்துத் தள்ளிவிடப் பார்க்கும். காலை எட்டு, ராத்திரி எட்டு, தவறவே கூடாது என்று மிஸ்ஸி, ஆஸ்பத்திரி நர்ஸ், விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார். டப்பாவில் இருந்தது இரண்டு வேளைக்கானது. மீதி சிலிபின் வீட்டில் இருந்தது.

சரளா அந்த டப்பாவை ஒரு புது மஞ்சள் துணியில் சுற்றி, முடிச்சுப் போட்டு, கண்ணில் ஒற்றித் தட்டின் நடுவில் வைத்தாள். "சாமி பார்வை பட்டா மாத்திரை இன்னும் நல்லா வேலை செய்யும்" என்றாள்.

தினேஸ்வரிக்கு அது பிடிக்கவில்லை. மருந்தை எதற்குத் தட்டில் வைக்கிறீர்கள் என்று கேட்க நாக்கு நுனிவரைக்கும் வந்தது. பழைய தினேஸ்வரியாக இருந்தால் தட்டு உள்ளே போவதற்கு முன்பே கையைப் பிடித்திருப்பாள். இவள் விழுங்கிக்கொண்டாள். கற்பூரம் காட்டி, திருநீறு பூசி, மாயாண்டி சாவியையும் பழத்தையும் திருப்பிக் கொடுத்தபோது, டப்பா எங்கே என்று கேட்கவும் தோன்றியது. அண்ணி எடுத்து வைத்திருப்பார்கள், கேட்டால் நம்பாத மாதிரி இருக்கும் என்று அதையும் விழுங்கினாள். தினேஸ்வரி பைக்குள் போட்டிருப்பாள் என்று சரளா நினைத்தாள். வேன் கிளம்பியது.

ஏரியைப் பார்த்ததும் தினேஸ்வரிக்கு எல்லாம் மறந்துபோனது. அந்தக் காலத்து ஈயக்குட்டைதான் அது. ஈயத்தைத் தோண்டி எடுத்துவிட்டுப் போன பள்ளத்தில் மழை நிறைந்து ஏரியாகிவிட்டது. மூன்று பக்கமும் சுண்ணாம்பு மலை, ஒரு பக்கம் மூங்கில் காடு. நாலு மரப் பந்தல், ஒரு மரப் பாலம், தூரத்தில் ஒரு கக்கூஸ், வாசலில் கம்பிக் கேட், கேட்டுக்கு ரோஸ்லி என்று ஒரு காவலர். அவ்வளவுதான் பூங்கா. கைப்பேசியில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

ஏரித் தண்ணீரில் இறங்கக்கூடாது, அதைக் குடிக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரை சரளா பெரிய கேனில் கொண்டுவந்திருந்தாள். தினேஸ்வரி மரப் பாலத்தில் உட்கார்ந்து அந்தத் தண்ணீரைக் குவளை குவளையாகக் குடித்தாள். எதிரே ஏரி நிறையத் தண்ணீர், கையில் குவளை நிறையத் தண்ணீர், குடிக்காதே என்று சொல்ல யாரும் இல்லை. போதாததற்கு ஒரு மழையும் தூறியது. நனையக்கூடாதே என்று பந்தலுக்குள் ஓடி நின்றுகொண்டு, கையை மட்டும் வெளியே நீட்டி மழையைப் பிடித்தாள். இவ்வளவு சந்தோஷம் எனக்குத் தகுமா என்று நினைத்தாள்.

அப்புறம் அந்தக் கக்கூஸ். நூற்றைம்பது அடி தூரம், வழியெல்லாம் சேறு. ஷர்மினி மூக்கைப் பிடித்துக்கொண்டு புலம்பினாள். தினேஸ்வரி மணிக்கு ஒரு தடவை சிரித்த முகத்தோடு போய் வந்தாள். டயாலிசிஸில் கிடந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். மூன்று வருஷம் ஒன்றுக்கே போகாதவள் அவள். ஒவ்வொரு தடவையும் கதவைச் சாத்திக்கொண்டு சாமிக்கு ஒன்றும் சரளாவுக்கு ஒன்றுமாக இரண்டு கும்பிடு போட்டாள். வெளியே வந்ததும் சரளாவிடம் சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். சரளா அங்கே ரூபனைப் போட்டு வறுத்துக்கொண்டிருப்பாள்.

"டேய், கம்பிய தலைகீழா சொருகிட்டு நிக்கிற. பதினஞ்சு வயசுப் புள்ளைக்குத் தெரியுது, ஒனக்குத் தெரியல."

"அக்கா, நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவன். கூடாரம் எல்லாம் நம்ப லைன் இல்ல."

கூடாரம் எழுந்து நிற்க ஆறரை ஆகிவிட்டது. அதற்குள் மீன் குழம்பு கொதித்தது, சோறு வெந்தது. ஏழு மணிக்கு ரோஸ்லி கேட்டைப் பூட்டுகிற சத்தம் கேட்டது. மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. சாப்பிடுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று தினேஸ்வரி மனதைத் திடப்படுத்திக்கொண்டாள். அதற்கும் முன்னால் மாத்திரையை எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று பையைத் திறந்தாள்.

டப்பா இல்லை. பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். இல்லை.

"அண்ணி, மாத்திர எங்க வெச்சீங்க?"

"ஒங்கிட்டதான இருக்கு?"

"எங்கிட்ட எங்க இருக்கு? மஞ்சத்துணியில கட்டித் தட்டுல வெச்சீங்களே, திருப்பி வாங்குனீங்களா இல்லையா?"

சரளாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அவள் முகம் மாறுவதைப் பார்த்தே தினேஸ்வரிக்குப் புரிந்துவிட்டது. வேண்டுதல் வைக்கிறவர்கள்தான் மஞ்சள் துணியில் காசு முடிந்து தட்டில் வைப்பார்கள். அந்த முடிச்சுகளைப் பூசாரி சாமி காலடியில் வைத்துவிடுவார், திருவிழா வரைக்கும் யாரும் தொடமாட்டார்கள். மாயாண்டி அதையும் ஒரு வேண்டுதல் முடிச்சு என்று நினைத்து உள்ளே வைத்துவிட்டார். மணி ஏழு பத்து. கோயிலுக்குப் போக இருபது நிமிஷம், வர இருபது நிமிஷம். மாயாண்டி கதவைப் பூட்டிக்கொண்டு போயிருந்தால் சிலிபினுக்குத்தான் ஓட வேண்டும்.

அந்த மெஷின், அந்த நாற்காலி, அந்த அரை லிட்டர் பாட்டில் எல்லாம் தினேஸ்வரியின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. ஒரு வருஷமாக விழுங்கினதெல்லாம் ஒரே மூச்சில் மேலே வந்தது.

"ஒங்களுக்கு அறிவு இருக்கா அண்ணி? மாத்திரைக்கு எதுக்கு மஞ்சத்துணி? அதுக்கு என்ன காது குத்தா நடக்குது? எதையாவது கேட்டுச் செஞ்சிருக்கீங்களா என்னைக்காவது? எல்லாம் ஒங்க இஷ்டம்! ஒரு கிட்னி குடுத்துட்டா என்னோட எல்லாத்துலயும் கை வெக்கலாம்னு நெனப்பா?"

மலையில் பட்டு அந்தச் சத்தம் திரும்பி வந்தது. ரூபன் வாயைத் திறந்தபடி நின்றான். ஷர்மினி அம்மாவைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

சரளா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கரண்டியைக் கீழே வைத்தாள், சாவியை எடுத்தாள், வேனை நோக்கி ஓடினாள். ரூபன் பின்னாலேயே ஓடி ஏறிக்கொண்டான். கேட்டில் ரோஸ்லி, "சுடா துத்துப், காக்" என்று சொல்லி, மூடியாகிவிட்டதற்கு அடையாளமாகப் பூட்டைக் காட்டினார். ஷர்மினி ஓடிப்போய் அம்மாவின் மருந்து, கிட்னி மருந்து என்று மலாயில் கத்தவும், மனிதர் சாவியைத் தேடிக்கொண்டு ஓடிவந்தார். வேன் செம்மண் சாலையில் குதித்துக்கொண்டு போனது. தானும் கூடவே ஏறிப் போயிருக்கலாம் என்பது அதற்குப் பிறகுதான் தினேஸ்வரியின் புத்திக்கு எட்டியது.

அடுத்த ஒரு மணி நேரத்தை அவள் எப்படிக் கழித்தாள் என்று கேட்காதீர்கள். மாத்திரையைப் பற்றிய பயம் பத்து நிமிஷத்தில் பின்னால் போய்விட்டது. தான் சொன்ன கடைசி வாக்கியம்தான் காதில் அடித்துக்கொண்டே இருந்தது. நன்றி சொல்ல வந்த இடத்தில் என்ன சொல்லிவிட்டேன்? பெற்றவள் கொடுக்கவில்லை, அவளுக்குச் சர்க்கரை. கூடப் பிறந்தவன் கொடுக்கவில்லை, அவனுக்குப் பயம். கேட்காமலே கொடுத்தவளைப் பார்த்து, கொடுத்துவிட்ட திமிரா என்று கேட்டுவிட்டேனே. நாக்கை அறுத்துப் போட்டாலும் தகும் என்று அழுதாள். குடித்த தண்ணீரெல்லாம் கண்ணீராக வந்தது.

"அம்மா, அத்தை கோவிச்சுக்கிட்டுப் போகல" என்றாள் ஷர்மினி, பக்கத்தில் உட்கார்ந்து.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"கோவமா இருந்தா அத்தை பேசிருமே."

தினேஸ்வரிக்கு அதில் சமாதானம் வரவில்லை. ரோஸ்லி டார்ச் விளக்கோடு திறந்த கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். மணி ஏழே முக்கால் ஆனது. எட்டானது. தவளைச் சத்தம் மட்டும் கேட்டது.

எட்டு ஐந்துக்குச் செம்பனைகளுக்கு நடுவே வெளிச்சம் ஆடியது. வேன் நிற்பதற்கு முன்பே சரளா கதவைத் திறந்துவிட்டாள்.

"மணி என்னடி?"

"எட்டு ஏழு, அத்தை!"

"தண்ணி கொண்டா, தண்ணி!"

முடிச்சு இறுகிக்கிடந்தது. விரலால் அவிழ்க்க வராமல் சரளா அதைப் பல்லால் கடித்து இழுத்தாள். டப்பாவைத் திறந்து மாத்திரைகளை தினேஸ்வரியின் உள்ளங்கையில் கொட்டினாள். அவள் விழுங்கி முடிக்கிற வரைக்கும் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏழு நிமிஷத் தாமதம். மிஸ்ஸி திட்டுவார், அவ்வளவுதான்.

"அந்த மாயாண்டி மோட்டார் சைக்கிள ஸ்டார்ட் பண்ணிட்டாரு" என்றாள் சரளா, மூச்சு வாங்க. "குறுக்க வேனைப் போட்டு மறிச்சேன். சாமிக்கு வெச்ச முடிச்ச எடுக்கக்கூடாதும்மாங்குறாரு. முனியாண்டிக்கு ரெண்டு கிட்னியும் நல்லாத்தான் இருக்கு, அவருக்கு எதுக்குய்யா இந்த மாத்திரன்னு கேட்டேன். மனுஷன் ஆடிப்போய்ட்டாரு. அப்பவும் உத்தரவு கேக்கணும்னு ஒரு கற்பூரம் ஏத்துனாரு பாரு, அது அணையுறதுக்குள்ள என் உசுரு போயிருச்சு."

தினேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. "அண்ணி, நான் அப்படிப் பேசியிருக்கக்கூடாது. என் வாய்..."

"மூடு" என்றாள் சரளா. "இப்பத்தான் தொறந்துருக்க. அதுக்குள்ள மன்னிப்பு கேட்டுக் கெடுத்துறாத."

அப்போதுதான் டார்ச் வெளிச்சத்தில் தினேஸ்வரி கவனித்தாள். சரளாவின் கன்னம் இரண்டும் ஈரமாக இருந்தன.

"வழியெல்லாம் அழுதுச்சு" என்றான் ரூபன். "அழுதுகிட்டே சிரிச்சுச்சு. ஸ்டியரிங் அது கையில இருக்கு, எனக்கு கை கால் ஓடல."

"ஆமா, அழுதேன். என்ன இப்ப?" சரளா பாயில் பொத்தென்று உட்கார்ந்தாள். "ஒரு வருஷமாச்சுடி நீ என்னத் திட்டி. உக்காருங்க அண்ணி, நல்லாருக்கு அண்ணி... பேங்க் ஆபீசர்கிட்ட பேசுற மாதிரி பேசுற. நான் எந்தப் பாவம் பண்ணேன்? அந்த ரூம்ல என்ன சொன்னேன்னு கேட்டியே. சொல்லட்டா?"

தினேஸ்வரி தலையை மட்டும் ஆட்டினாள்.

"அந்த டாக்டரம்மா கேட்டாங்க, ரத்த சொந்தம்கூட இல்ல, எதுக்குக் குடுக்குறேன்னு. நான் சொன்னேன், எங்கம்மா போனதுக்கப்புறம் என்னை எதுத்துப் பேச இந்த ஒலகத்துல இவ ஒருத்திதான் இருக்கா. முப்பத்திரண்டு புள்ளைங்க, எல்லாம் பயந்துக்கும். இந்தத் தம்பி கடைக்கு ஓடிருவான். ஞாயித்துக்கிழமை இவ வீட்டுக்குப் போய் ரெண்டு வார்த்தை சண்டை போட்டாத்தான் எனக்கும் ஒரு வீடு இருக்குன்னு தெரியும். இவளும் போயிட்டா நான் யார்கூடம்மா சண்டை போடுறதுன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே எழுதிக்கிட்டாங்க." மூக்கை உறிஞ்சினாள். "கடைசியில பாத்தா, கிட்னிய எடுத்துக்கிட்டு என் சண்டைக்காரிய எங்கயோ ஒளிச்சு வெச்சுட்டீங்க. நல்லவ ஒருத்திய அனுப்பி வெச்சிருக்கீங்க. எனக்கு எதுக்கு லா நல்லவ?"

கண்ணாடி முன்னால் பழகி வைத்த வாக்கியங்களில் ஒன்றுகூட தினேஸ்வரிக்கு நினைவு வரவில்லை. மண்டியிட்டு சரளாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நன்றி அண்ணி" என்றாள். "தண்ணி குடிக்கிறேன் அண்ணி. நெதமும் வயிறு நெறைய தண்ணி குடிக்கிறேன். ஒவ்வொரு மொடக்குக்கும் ஒங்களத்தான் நெனைக்கிறேன்."

சரளா கையை இழுத்துக்கொள்ளவில்லை. "சரி சரி, போதும்" என்று மெல்லச் சொன்னாள். அவளுக்கு மெல்லப் பேசவும் வரும் என்பது அன்றைக்குத்தான் ஷர்மினிக்குத் தெரிந்தது.

அதற்குள் குழம்பு ஆறிப்போயிருந்தது. சூடு பண்ணி, முதல் தட்டு ரோஸ்லிக்குப் போனது. ராத்திரி பூட்டிய கேட்டை மூன்று தமிழர்களின் கூச்சலுக்காகத் திறந்து வைத்துக் காவல் நின்ற மனிதர் அவர். அப்புறம் எல்லோரும் பாயில் உட்கார்ந்தார்கள். தினேஸ்வரி ஒரு வாய் எடுத்து வைத்தாள். மென்றாள். சரளா வழக்கம்போல முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி."

"என்ன?"

"ஒரு வருஷமா சொல்லணும்னு இருக்கேன். ஒங்க மீன் கொழம்பு வாயில வெக்க வெளங்கல. டாக்டரு உப்பக் கொறைக்கத்தான சொன்னாரு, மொத்தமா நிறுத்தவா சொன்னாரு? மீனு ஏரியில செத்துக் கெடந்த மாதிரி இருக்கு."

ரூபன் பழக்கதோஷத்தில் செருப்பைத் தேடினான். இங்கே கடை எங்கே இருக்கிறது என்று நினைவு வந்து உட்கார்ந்துகொண்டான்.

"ஓகோ!" சரளா முட்டிக்காலில் எழுந்தாள். முகம் மலர்ந்துபோயிருந்தது. "வந்துட்டாடா! நான் காலையில ஏழு மணிக்குப் பாசாருக்குப் போயி, கெஞ்சிக் கூத்தாடி தெங்கிரி மீனு வாங்கிட்டு வந்தா, செத்துக் கெடக்குதாம்ல! புளி கரைக்கத் தெரியாதவ எல்லாம் வந்துட்டா கொற சொல்ல!"

"புளியப் பத்தி நீங்க பேசாதீங்க. இதுல புளியும்தான் இல்ல."

"ஏய் ஷர்மினி, அந்த உப்ப எடு. ஒரே ஒரு சிட்டிகை. அதுக்கு மேல போட்டா கையை ஒடிச்சுருவேன்."

அரை மணி நேரம் இது நடந்தது. கேட்டருகில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ரோஸ்லி, இவ்வளவு நேரம் அழுதவர்கள் இப்போது ஏன் அடித்துக்கொள்கிறார்கள் என்று புரியாமல் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். ஷர்மினி அவரைப் பார்த்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று கட்டைவிரலைக் காட்டினாள்.

பேச்சோடு பேச்சாக தினேஸ்வரி காலியான தட்டை நீட்டினாள்.

"கொற சொல்றவ எதுக்குடி ரெண்டாந்தரம் தட்ட நீட்டுற?"

"நானா கேக்குறேன்?" தினேஸ்வரி அடிவயிற்றின் வலப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். "உள்ள இருக்குற ஒங்க சாமான்தான் கேக்குது. நாப்பத்தெட்டு வருஷம் ஒங்க கையால தின்னு பழகிருச்சு, நான் என்ன பண்ணட்டும்?"

சரளா கரண்டியைச் சட்டியில் விட்டுத் துழாவி, இருக்கிறதிலேயே பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து, தினேஸ்வரியின் தட்டில் வைத்தாள்.